ராமலட்சுமி பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிய ஆடு

பண்டாரவளையிலிருந்து பூனாகலைக்குப் போகும் மலைப்பாதையோரத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் ராமலட்சுமி கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தாள். சீமையில் பெரிய யுத்தம் முடிந்து, வெள்ளைக்காரத் துரைமார் மறுபடியும் கல்யாணம் காட்சி என்று யோசிக்கத் தொடங்கியிருந்த வருஷங்கள் அவை.

கைவேகத்தில் அவளை மிஞ்ச ஆளில்லை. ஆனால் அவளிடம் ஒரு கோளாறு இருந்தது. சிரிக்கக் கூடாத இடத்தில்தான் அவளுக்குச் சிரிப்பு வரும். வந்தால் நிற்காது. கல்யாணத்தன்று மாப்பிள்ளை வடிவேலின் தலைப்பாகை மெல்ல நழுவி அவன் மூக்குக்கு இறங்கியதைப் பார்த்துச் சிரிக்கத் தொடங்கியவள், தாலி ஏறி, பெரியவர்கள் திருநீறு பூசி, பந்தியில் இலை போடும்வரை சிரித்துக்கொண்டே இருந்தாள். விடிகாலையில் ஆட்கள் வரிசையாக நின்று பேர் கொடுக்கும் பெரட்டுக் களத்தில் கணக்கப்பிள்ளை ஒரு தும்மல் போட்டால் போதும், ராமலட்சுமி பக்கத்தில் நிற்பவளின் முதுகுக்குப் பின்னால் முகத்தை ஒளித்துக்கொள்வாள். அந்த முதுகும் சேர்ந்து குலுங்கத் தொடங்கிவிடும். இதனாலேயே அவள் பக்கத்தில் நிற்கப் பெண்கள் பயந்தார்கள். பயந்துகொண்டே போட்டி போட்டு நின்றார்கள்.

வடிவேல் தேயிலை அரைக்கும் ஸ்டோரில் வேலை பார்த்தான். பேச்சைச் செட்டாகச் செலவு செய்கிறவன். இரண்டு பேருக்கும் ஒரே மகள். பண்டாரவளையில் கொட்டகை போட்டு ஆடிய நாடகத்தில் ராஜகுமாரிக்கு இருந்த பெயர்தான் வேண்டும் என்று ராமலட்சுமி ஒற்றைக் காலில் நின்று, பிள்ளைக்குச் சந்திரகாந்தி என்று பெயர் வைத்தாள். தோட்டத்து ஆட்கள் குடியிருந்த வரிசை வீடுகளான லயத்தில் ஒருவர் வாயிலும் அது நுழையவில்லை. சந்திரா என்று சுருக்கிக்கொண்டார்கள்.

தோட்டத்துப் பள்ளிக்கூடம் தகரக் கூரை போட்ட ஒரு நீளக் கொட்டகை. ஒரு பாதியில் மத்தேயு மாஸ்டர் பாடம் நடத்துவார். தட்டி மறைத்த மறுபாதி பிள்ளைக்காம்பரா. மலைக்கு வேலைக்குப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை அங்கே விட்டுப் போவார்கள். அந்தக் குழந்தைகளைப் பார்த்துக்கொண்ட பவுலினாதான், மத்தியானத்தில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கும் சேர்த்து ஒரு பெரிய அண்டாவில் சோறும் பருப்பும் பொங்கிப் போடுவாள். கூடவே ஒரு துண்டுக் கருவாடு விழுந்தால் அன்றைக்குத் திருவிழா.

சந்திரா பள்ளிக்கூடத்தில் சேர்ந்த வாரமே உடம்பெல்லாம் தடித்துச் சிவந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தாள். ஒருநாள் விட்டு அனுப்பினால் மறுபடியும் அதே கதை. வீட்டில் பருப்பு என்பது தீபாவளிக்கு மட்டும் என்பதால், இந்தப் பிள்ளைக்கும் பருப்புக்கும் ஆகாது என்பது அதுவரை யாருக்கும் தெரியவில்லை. தோட்டத்து மருந்துச்சாலையில் இருந்த டிஸ்பென்சர் யாழ்ப்பாணத்துக்காரர். பிள்ளையின் நாக்கை, கண்ணை, வயிற்றை எல்லாம் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"பருப்பும் கருவாடும் இந்தப் பிள்ளைக்கு ஒத்துவராது. உறைப்பும் வேண்டாம். மத்தியானத்தில ஆட்டுப்பால் விட்டு அரிசிக் கஞ்சி காய்ச்சிக் குடுங்கோ. உடம்பு தேறும்."

"பசும்பால் ஊத்தலாமுங்களா?"

"பசும்பால் குடிச்சால் சத்தி எடுக்கிறாள் எண்டு நீங்கள்தானே இப்ப சொன்னனீங்கள்."

பசும்பால் குடித்தால் பிள்ளை வாந்தி எடுப்பதை ராமலட்சுமி மறந்தே போயிருந்தாள். அதற்கும் சிரித்தாள். டிஸ்பென்சர் தன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

சொல்வது லேசு. மத்தியானத்தில் ராமலட்சுமி மலை உச்சியில் கூடையோடு நிற்பாள். வடிவேல் ஸ்டோரில் நிற்பான். பிள்ளை சாப்பிட வேண்டியது பள்ளிக்கூடத்தில். காலையிலேயே வெறுங்கஞ்சி காய்ச்சித் தூக்குச்சட்டியில் கொடுத்தனுப்பிப் பார்த்தாள். மலைக்குளிரில் மத்தியானத்துக்குள் அது கெட்டிக் களியாகிவிட்டது. பிள்ளைகள் அதைக் கவிழ்த்து உருட்டி விளையாடினார்கள் என்று சந்திராவே வந்து சொன்னாள். நன்றாக உருண்டதாம். ஆட்டுப்பாலுக்கோ வழியே இல்லை. தேயிலைக்கு நிழல் கொடுக்க நட்டிருந்த முள்முருங்கைக் கன்றுகளை ஆடுகள் மொட்டையடித்துவிடுகின்றன என்று லயங்களில் ஆடு வளர்ப்பதைத் தோட்டத்தை நிர்வகித்த வெள்ளைக்காரத் துரை தடுத்திருந்தார்.

ராமலட்சுமி முதலில் பவுலினாவிடம் போனாள்.

"இங்க பாரு லெச்சுமி," என்றாள் பவுலினா, அகப்பையைக் கீழே வைக்காமலே. "எனக்கு ஒரு அடுப்பு, ஒரு அண்டா, ரெண்டு கை. தட்டிக்கு அந்தப் பக்கம் பத்துப் புள்ளைக ஒன்னா அழுவுது. இதுல உம் மகளுக்குத் தனிச் சமையலா? அதுவும் நீ பால் கொண்டாந்து குடுக்கணுமே. பால் எங்க?"

"பால் கெடச்சா காய்ச்சித் தருவியாக்கா?"

"கெடைக்கட்டும், பாப்போம்," என்று பவுலினா சொன்னாள், கிடைக்காது என்ற தைரியத்தில்.

மத்தேயு மாஸ்டர் எந்நேரமும் கறுப்புக் கோட்டும், கையில் குடையுமாக இருப்பவர். பிள்ளைகளைக்கூடப் பன்மையில் கூப்பிடும் மரியாதைக்காரர். கோபம் வந்தால் மட்டும் அந்த மரியாதை காற்றில் போகும். "தனிச் சாப்பாடு போட எனக்கு உத்தரவு இல்லம்மா," என்றார். "துரை ஒரு வார்த்தை சொல்லட்டும். நான் மறுக்கப் போறதில்ல."

ஆகவே ராமலட்சுமி, ஆட்களை வேலை வாங்கும் ரெங்கசாமி கங்காணியைக் கெஞ்சிக் கூட்டிக்கொண்டு துரையின் ஆபீஸ் வாசலில் போய் நின்றாள்.

துரை அன்று நல்ல குஷியில் இருந்தார். அவருக்கு நிச்சயித்திருந்த பெண் கப்பலேறிவிட்டாள் என்று காலையில்தான் சீமையிலிருந்து தந்தி வந்திருந்தது. அவருக்குத் தமிழ் தெரியும். அதாவது, தெரியும் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

"என்னா வேணும்?"

"தொரைங்க, எம் புள்ளைக்குப் பருப்புச்சோறு ஆகாதுங்க. ஆட்டுப்பால் ஊத்திக் கஞ்சி காய்ச்சிப் பள்ளிக்கூடத்துலேயே குடுக்கணும்னு டாக்டரையா சொல்றாருங்க. நீங்க ஒரு உத்தரவு குடுத்தா..."

ராமலட்சுமி பயத்தில் வழக்கத்தைவிட வேகமாகப் பேசினாள். துரையின் காதில் ஆடு விழுந்தது. பள்ளிக்கூடம் விழுந்தது. நடுவில் இருந்தது எதுவும் விழவில்லை. அவர் வாயிலிருந்த பைப்பைக் கையில் எடுத்துக்கொண்டு கேட்டார்:

"ஆடு பள்ளிக்கூடம் போக வேணும்?"

அவ்வளவுதான். சிலேட்டும் பலப்பமுமாக ஒரு ஆடு பெஞ்சில் உட்கார்ந்து மத்தேயு மாஸ்டருக்குக் காலை வணக்கம் சொல்வது ராமலட்சுமியின் கண்முன் வந்துவிட்டது. முந்தானையை வாய்க்குள் அடைத்துப் பார்த்தாள். மூச்சைப் பிடித்துப் பார்த்தாள். தோள் குலுங்கி, தலை மேலும் கீழும் ஆடி, கண்ணில் தண்ணீர் கொட்டியது. தலையாட்டலைப் பார்த்த துரை, ஆமாம் என்கிறாள் என்று எடுத்துக்கொண்டார். இப்படி ஒரு விண்ணப்பம் அவருடைய தோட்ட வாழ்க்கையில் வந்ததில்லை. அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"சரி. ஆடு பள்ளிக்கூடம் போகலாம். லயம் ஆடு வேணாம். முருங்கை தின்னும். பள்ளிக்கூடம் நல்லம். கங்காணி, மாஸ்டருக்குச் சொல்லு."

வெளியே வந்ததும் கங்காணி தலையில் கைவைத்துக்கொண்டார். "என்ன வேலை செஞ்ச லெச்சுமி? கஞ்சி கேக்க வந்துட்டு ஆட்டுக்கு உத்தரவு வாங்கிட்டு வந்திருக்க."

"நீங்க உள்ள போயி மாத்திச் சொல்லுங்களேன் ஐயா."

"தொரை சொன்னத மாத்த எனக்கென்ன ரெண்டு தலையா இருக்கு?"

பேசிக்கொண்டே இறங்கியவள், ஸ்டோருக்குப் பிரியும் முடக்கில் சடக்கென்று நின்றாள். ஆடு பள்ளிக்கூடத்தில் இருந்தால் பாலும் பள்ளிக்கூடத்தில்தானே இருக்கும். இதைவிட வேறென்ன உத்தரவு வேண்டும்? அவள் கங்காணியின் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு ஸ்டோரை நோக்கி ஓடினாள். கங்காணி ஒன்றும் புரியாமல் அங்கேயே நின்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை புருஷனும் பெண்சாதியும் பண்டாரவளைச் சந்தைக்குப் போனார்கள். வளர்த்த கோழிகளும், லயத்துக்குப் பின்னால் காய்த்த பூசணிக்காய்களும் ஆட்டுக்கு ஈடாகப் போயின. ஆடு விற்ற அஸீஸ் நாநா நேர்மையான வியாபாரி.

"நல்ல சாதி ஆடு தங்கச்சி. பாலுக்குக் கொறையில்ல. ஒரே ஒரு கொறதான். அதுக்கு மனிசர்ல பயமில்ல."

"அது போதும் நாநா. எங்கிட்டயும் அந்தக் கொற இருக்கு," என்றாள் ராமலட்சுமி.

வெள்ளை வெளேரென்ற ஆடு. தாடையை உயர்த்தி, எதிரே வருகிறவர்களை ஒரு பொருட்டாக மதிக்காத நடை. கூடவே பால்குடி மறக்காத ஒரு குட்டி. குட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு ராமலட்சுமி முன்னே நடக்க, வடிவேல் ஆட்டை இழுத்துக்கொண்டு பின்னே வந்தான். ஏற்றத்தில் அவன் ஆட்டை இழுத்தான். இறக்கம் வந்ததும் ஆடு அவனை இழுத்தது. மலை முழுக்க மூடுபனி. பனிக்குள்ளிருந்து முதலில் ஆடு வெளிப்படும், பிறகு ஒரு நீளக் கயிறு, பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு ஓடும் வடிவேல். அடுத்த நொடி மறுபடியும் எல்லாம் பனிக்குள் மறைந்துவிடும். ராமலட்சுமி தோளில் குட்டியோடு நடுரோட்டில் உட்கார்ந்துவிட்டாள். சிரிப்பில் எழுந்திருக்க முடியவில்லை. எதிரே வந்த மாட்டுவண்டிக்காரர் வண்டியை நிறுத்தி இறங்கினார்.

"என்னப்பா, பொம்பளைக்குப் பேய் புடிச்சிருக்கா?"

"இல்லங்க," என்றான் வடிவேல், மூச்சு வாங்க. "எனக்குத்தான் ஆடு புடிச்சிருக்கு."

திங்கட்கிழமை காலையில் மத்தேயு மாஸ்டர் பள்ளிக்கூட வாசலில் குடையை ஊன்றிக்கொண்டு ஆட்டை வரவேற்றார். கங்காணி வந்து சொன்ன உத்தரவை இரண்டு நாளாக மனதுக்குள் புரட்டிப் பார்த்து, அவருக்கு ஒரே ஒரு சந்தேகம் மிஞ்சியிருந்தது.

"ஆட்டுக்கு உத்தரவு இருக்கு. சரி. குட்டியைப் பத்தித் துரை ஒன்னும் சொல்லலையே அம்மா."

"கைப்புள்ளதானுங்களே மாஸ்டரய்யா. பிள்ளைக்காம்பராவுல விட்டுருவோம்."

மாஸ்டர் யோசித்துவிட்டு, அதுதான் முறை என்றார். அப்படியே ஆடு பள்ளிக்கூடத்திலும் குட்டி பிள்ளைக்காம்பராவிலும் சேர்ந்தன. இராத்திரிக்கு இரண்டுக்கும் விறகுக் கொட்டில்.

சொன்ன சொல்லுக்குப் பவுலினா கட்டுப்பட வேண்டியதாயிற்று. முதல் நாள் பால் கறக்க உட்கார்ந்தவளை ஆடு செம்போடு சேர்த்து உருட்டிவிட்டது. இரண்டாம் நாள் வாலைச் சுழற்றி அவள் முகத்தில் அடித்தது. கோபத்தில் வாயில் கெட்ட வார்த்தை வந்துவிடுமோ என்று பயந்து பவுலினா ஒரு வேதப்பாட்டை முணுமுணுத்தாள். ஆடு அசையாமல் நின்று கேட்டது. பாட்டை நிறுத்தினால் காலைத் தூக்கியது. அன்றிலிருந்து மத்தியானம் ஆனால் சமையல் கொட்டிலிலிருந்து பாட்டு எழும். தட்டிக்கு இந்தப் பக்கம் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்த பிள்ளைகள் அதே ராகத்தில் வாய்ப்பாட்டைச் சொல்லத் தொடங்கினார்கள். அப்படிச் சொன்னதில் ஏழாம் வாய்ப்பாடு எல்லாருக்கும் பிசகாமல் வந்துவிட்டதால் மாஸ்டரும் கண்டுகொள்ளவில்லை.

பிள்ளைகள் ஆட்டுக்குத் துரைசாணி என்று, துரையின் பெண்சாதியைக் கூப்பிடும் பெயரையே வைத்தார்கள். வெள்ளை நிறம், நிமிர்ந்த தாடை, யாரையும் மதிக்காத நடை. வெள்ளைக்காரத் துரைமாரின் பெண்சாதிகளைப் பண்டாரவளையில் பார்த்த பிள்ளைகளுக்கு வேறு பெயர் தோன்றவில்லை. பெயர் கூப்பிடும் நேரத்தில் வராத பிள்ளையின் பெயரை மாஸ்டர் கூப்பிட்டுவிட்டு நிமிர்ந்தால், கொல்லையிலிருந்து துரைசாணி "மே" என்று குரல் கொடுக்கும். சுவரில் தொங்கிய எழுத்து அட்டையில் அ முதல் ஊ வரை ஒருநாள் தின்றுவிட்டது. அதுவரை தேயிலைச் செடிகளுக்குள் ஒளிந்துகொண்டு பள்ளிக்கூடத்தை ஏமாற்றிய பயல்கள் எல்லாம், இந்தக் கூத்தைப் பார்க்கவென்றே வந்து, வந்த பாவத்துக்கு எழுத்தும் படித்தார்கள்.

சந்திராவுக்குத் தினமும் சின்னப் பானையில் கஞ்சி காய்ந்தது. தடிப்பு அடங்கியது. கன்னத்தில் சதை பிடித்தது. ஆனால் ஆட்டுப்பால் கஞ்சி கொதிக்கும் வாசம் கொட்டகை முழுக்கப் பரவியதும், ஒருநாள் மத்தியானம் பாதிப் பள்ளிக்கூடத்துக்கு வயிற்றுவலி வந்துவிட்டது. எனக்கும் பருப்பு ஆகாது, எனக்கும் அரிக்குது என்று ஆளுக்கொரு பக்கம் சொறிந்துகொண்டு நின்றார்கள். பவுலினா கலங்கவில்லை.

"வாங்க, வாங்க. எல்லாருக்கும் கஞ்சி உண்டு. மொதல்ல ஆளுக்கொரு கரண்டி விளக்கெண்ணெ குடிச்சுக்கங்க."

வயிற்றுவலி அந்த நிமிஷமே குணமாகிவிட்டது. ஆனால் மெலிந்து வெளிறிய இரண்டு பேர் மட்டும் முகத்தைச் சுளித்துக்கொண்டு எண்ணெயைக் குடித்துவிட்டு வரிசையில் நின்றார்கள். பவுலினா அவர்களைக் கொஞ்சநேரம் பார்த்தாள். பிறகு சின்னப் பானையில் இன்னும் ஒரு பிடி அரிசி போட்டாள்.

துரைக்குக் கல்யாணம் ஆயிற்று. புதுப் பெண்சாதிக்குத் தோட்டத்தைச் சுற்றிக் காட்டக் கூட்டி வருகிறார் என்று ஒருநாள் தகவல் வந்தது. பிள்ளைகளுக்குத் தலைவாரி, தரையில் சாணம் மெழுகி, வாசலில் வாழை கட்டினார்கள். பக்கத்து மலையில் கொழுந்தெடுத்த பெண்களையும் வரிசையாக நிற்கச் சொல்லிக் கங்காணி கூட்டி வந்திருந்தார். ராமலட்சுமியைப் பின்வரிசையில், அதுவும் ஒரு தூணுக்குப் பின்னால் நிறுத்தினார். "இந்தா பாரு, வாயத் தொறந்திராத," என்று கும்பிடாத குறையாகச் சொல்லியும் வைத்தார். அந்தம்மாவுக்குப் போட மல்லிகையும் டேலியாவுமாகக் கட்டிய பெரிய மாலை ஒரு தாம்பாளத்தில் மேசைமேல் இருந்தது.

கொல்லையில் துரைசாணியைக் கட்டியிருந்த கயிற்றைக் குட்டி நிதானமாக மென்றுகொண்டிருந்ததை யாரும் கவனிக்கவில்லை.

துரை குதிரையிலிருந்து இறங்கினார். பெண்சாதியைக் கைகொடுத்து இறக்கினார். இரண்டு பேரும் வாசலில் கால் வைக்கவும், உள்ளேயிருந்து மத்தேயு மாஸ்டரின் குரல், இருபது வருஷ மரியாதையை உதறிவிட்டு, தகரக் கூரை அதிரக் கேட்கவும் சரியாக இருந்தது.

"டேய், துரைசாணியைப் புடிங்கடா. மாலையைத் தின்னுது பாரு. கழுத்துல கயித்தப் போட்டுக் கட்டுங்கடா."

துரையின் முகம் பழுத்த மிளகாய் நிறத்துக்குப் போனது. அந்த அளவுத் தமிழ் அவருக்கு நன்றாகவே தெரியும். உள்ளேயிருந்து, கொம்பில் ஒரு டேலியாப் பூவும் வாயில் மல்லிகைச் சரமுமாக, தாடையை உயர்த்திக்கொண்டு ஆடு வெளியே வந்து, புதுத் துரைசாணிக்கு நேர் எதிரே நின்று அவளை மேலும் கீழும் பார்த்தது.

தூணுக்குப் பின்னாலிருந்து ஒரு சத்தம் வந்தது. கொதிக்கும் பானையின் மூடியைக் கைவைத்து அமுக்கினால் வரும் சத்தம். பக்கத்துப் பெண்கள் ராமலட்சுமியின் வாயைப் பொத்தினார்கள். பொத்திய கைகளும் குலுங்கின.

புதுப் பெண் தன் புருஷனிடம் ஏதோ கேட்டாள். அவர் பைப்பைத் தேடிச் சட்டைப் பையைத் தடவினார். மறுபடி கேட்டாள். வேறு வழியில்லாமல், கழுத்துப் பட்டியைத் தளர்த்திக்கொண்டு, மெதுவான குரலில் அவர் விஷயத்தைச் சொன்னார். அவள் ஆட்டைப் பார்த்தாள். ஆடு அவளைப் பார்த்தது. அவள் தாடையும் கொஞ்சம் உயர்ந்த தாடைதான். திடீரென்று அவள் தொப்பியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு சிரித்த சிரிப்பில், வெளியே நின்ற குதிரை மிரண்டது. அது காதில் விழுந்ததும் ராமலட்சுமி பொத்தியிருந்த கைகளை உதறினாள். இவள் சிரிக்க அவளுக்கு வந்தது. அவள் சிரிக்க இவளுக்கு வந்தது. ஒருத்தி ஓய்ந்து மூச்சு வாங்கும்போது மற்றவள் ஆரம்பிப்பாள்.

துரைக்குக் கோபத்தை எங்காவது இறக்கி வைக்க வேண்டியிருந்தது. "யார் ஆடு பள்ளிக்கூடம் கொண்டு வந்தது?"

எல்லாரும் கங்காணியைப் பார்த்தார்கள். கங்காணி தன் கால் பெருவிரலைப் பார்த்தார். "தொரைதானுங்க."

"நானா?"

ராமலட்சுமி கண்ணைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தாள். சிரித்துச் சிரித்து அவளிடம் பயம் என்பதே மிச்சமில்லாமல் போயிருந்தது. "ஆமாங்க தொரை. ஆடு பள்ளிக்கூடம் போகலாம், லயம் ஆடு வேணாம், பள்ளிக்கூடம் நல்லம்னு நீங்கதாங்க சொன்னீங்க. அதுனாலதான் எம் புள்ளைக்கு மத்தியானத்துல பால்கஞ்சி கெடைக்குது. அந்தா நிக்கிற ரெண்டு நோஞ்சானுக்கும் கெடைக்குது."

அவள் சொன்னது துரையின் குரலிலேயே இருந்தது. பிள்ளைகள் களுக்கென்றார்கள். புதுப் பெண் மறுபடியும் என்னவென்று கேட்டாள். துரை கூரையைப் பார்த்தார். சந்திராவைப் பார்த்தார். அப்புறம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பெண்சாதியிடம் இங்கிலீஷில் நீளமாகப் பேசினார். அவள் முகத்தில் சிரிப்பு மாறி ஒருவிதப் பெருமை வந்தது. அவர் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

என்ன சொன்னார் என்று பிறகு மாஸ்டர்தான் எல்லாருக்கும் சொன்னார். சீக்குப் பிள்ளைகளுக்குத் தனிச் சாப்பாடு கொடுக்கவென்று தாமே யோசித்து இந்த ஏற்பாட்டைச் செய்ததாகச் சொன்னாராம். அப்படிப் பெண்சாதியிடம் சொல்லிவிட்ட பிறகு அவருக்குப் பின்வாங்க இடமில்லை. அந்த வாரமே சமையல் கொட்டிலில் இரண்டாவது அடுப்பு கட்டப்பட்டது. டிஸ்பென்சர் யார் யாருக்கு என்ன சொல்கிறாரோ அதைச் சின்னப் பானையில் செய்துபோட வேண்டும் என்று உத்தரவு வந்தது. இன்னொரு ஆடும் வந்தது. அதற்குப் பெயர் வைக்கும்போது மட்டும் மாஸ்டர் பிள்ளைகளைச் சுற்றி உட்கார வைத்து, ஒவ்வொரு பெயரையும் தாமே கேட்டுப் பார்த்து அனுமதித்தார்.

இரண்டு மூன்று வருஷம் போனது. சந்திரா வளர்ந்து, மாஸ்டருக்குப் பதிலாகச் சின்னப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கும் அளவுக்கு வந்துவிட்டாள். இனிக் கொஞ்சம் பருப்புக் கொடுத்துப் பார்க்கலாம் என்று டிஸ்பென்சர் சொன்னார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ராமலட்சுமி ஒரு கரண்டி பருப்பை மகளின் சோற்றில் ஊற்றிவிட்டு, எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். கையைப் பார்த்தாள், கழுத்தைப் பார்த்தாள், காதுக்குப் பின்னால் பார்த்தாள். மத்தியானமும் அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.

"என்னாத்தா, எங்கயாச்சும் அரிக்குதா?"

"நீ இப்படிப் பாக்குறதுதாம்மா அரிக்குது," என்றாள் சந்திரா.

மறுநாள் அவள் சின்னப் பானைப் பக்கம் போகவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு அண்டாவுக்கு முன்னால் வரிசையில் நின்று, சோறும் பருப்பும் வாங்கி ஒரு வாய் வைத்தாள். பருப்பில் உப்புப் போதவில்லை என்று பவுலினாவிடம் சொல்லி, அகப்பைக் காம்பால் மண்டையில் ஒன்று வாங்கிக்கொண்டு, மிச்சத்தைத் தின்னப் போனாள்.